நசியாத தேசிக்காய்

எங்கள் ஆட்கள் ஐரோப்பா போய்வந்த கதையைக் கேட்டுப் பாருங்கள். மலையும் இருக்காது, ஆறும் இருக்காது. மச்சாள் வீட்டில் ஆட்டுக்கறி, மாமா வீட்டில் இடியப்பம், அவ்வளவுதான். முதல் முறை நாங்களும் அப்படித்தான் போனோம். ஈபிள் கோபுரத்தை ஒரு சொந்தக்காரரின் காரில், பின்சீட்டில் இருந்து, மடியில் மச்சாள் பொரித்துத் தந்த ரோல்ஸ் பெட்டியோடு, ஒரு திருப்பத்தில் பார்த்தேன். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஆகவே 2016இல் ஒற்றைக் காலில் நின்றேன். தங்கை ரதிதேவி இருக்கும் ஸ்டுட்கார்ட்டில் கார் வாடகைக்கு எடுப்பது. ஆஸ்திரியா, இத்தாலி, சுவிஸ் என்று எல்லை தாண்டி, நாங்கள் இருவர் மட்டும் மலை பார்ப்பது. என் கணவர் குணசீலனுக்கும் ஆசை பிடித்துவிட்டது. ஒக்லாந்தில் எங்கள் கிளென்ஃபீல்ட் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, "என்ட கையில விடும்" என்று அவரே காரைப் பதிவு செய்தார்.

புறப்பட இரண்டு கிழமை இருக்கும்போதுதான் நான் கார் கம்பெனி அனுப்பிய மின்னஞ்சலை வாசித்தேன்.

"என்னப்பா, இது கியர் காரெல்லோ?"

மனுசனின் முகம் செத்துப்போனது. ஒக்லாந்துக்கு வந்து கார் பழகியவர். கியர் தானாக மாறும் ஆட்டோ காரைத் தவிர வேறொன்றையும் தொட்டதில்லை. உடனே கம்பெனிக்குப் போன் அடித்தோம். எல்லை தாண்ட அனுமதியுள்ள ஆட்டோ கார் ஒன்றும் மிச்சமில்லையாம். அங்கே கோடை விடுமுறை.

"அப்ப விடுவம். ரதியின்ட மனுசன் எங்களைக் கூட்டிக்கொண்டு திரிவார்தானே" என்றார்.

மறுபடியும் பின்சீட்டா! மறுபடியும் ரோல்ஸ் பெட்டியா!

"விசர்க்கதை கதையாதேங்கோ. பழகுங்கோ!"

ஞாயிற்றுக்கிழமை புக்கெகோஹிக்குப் போனோம். இவருடைய சிநேகிதர் ஆனந்தராசா அங்கே மரக்கறித் தோட்டம் வைத்திருக்கிறார். முற்றத்தில் அவருடைய பழைய கியர் ட்ரக் நின்றது. நல்ல காரியம் என்று இவர் நான்கு சக்கரத்துக்கும் முன்னால் தேசிக்காய் வைத்து, கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு ஏறினார். ட்ரக் துள்ளியது, நின்றது. மறுபடி துள்ளியது, நின்றது. ஒரு தேசிக்காயும் நசியவில்லை. ஆனந்தராசா அண்ணை சிரிப்பை அடக்கமாட்டாமல் பூசணிக்காய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் போய்விட்டார்.

இவர் வேர்த்து விறுவிறுத்து இறங்கினார். "சரிவராது விக்கி. நீர் ஆசைப்பட்டனீர், நான் கெடுத்துப்போட்டன்." பாவமாகத்தான் இருந்தது எனக்கு.

இவர் காரில் இருந்தால் ஸ்டியரிங் இவருக்குத்தான். அது எங்கள் வீட்டுச் சட்டம். நானும் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. அன்றைக்கு அந்தச் சட்டத்தைத் தூக்கிப் பூசணிக்காய்ப் பெட்டிக்குள் போட்டேன்.

"தள்ளுங்கோ" என்று ஏறினேன்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இதே ஊரில் வெங்காயம் பொதி செய்யும் கொட்டகையில் வேலை செய்தேன். அங்கே ட்ரக்கும் ஓட்டினேன். இவரிடம் அதைச் சொன்னேன்தான். அந்த நேரம் டிவியில் கிரிக்கெட் போய்க்கொண்டிருந்தது.

கிளட்சை மிதித்து மெல்ல விட்டேன். சடக், சடக்! நான்கும் சப்பட்டை. முற்றத்தைச் சுற்றி ஒரு வட்டம், ஆசை தீராமல் இன்னொன்று. ஹோர்னை அமத்திக்கொண்டு சந்தோசத்தில் கத்தியே விட்டேன்.

"அடி கள்ளி! இவ்வளவு காலமும் சொல்லேல்லையே?"

"சொன்னனான். நீங்கள்தான் கேக்கேல்லை."

"அங்க ஸ்டியரிங் இடப்பக்கமெல்லோ?"

"அதுக்கென்ன? நீங்கள் வழக்கம்போல வலப்பக்கத்திலயே இருங்கோ. ஸ்டியரிங்தான் இராது."

வீட்டுக்கு வந்ததும் இவரே ரதிக்குப் போன் எடுத்தார்.

"அத்தான், எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். ஒவ்வொரு வீட்டிலயும் ஒருநேரச் சாப்பாடு" என்றாள் அவள்.

"இல்லை ரதி. உங்கட வீட்டில மட்டும் சாப்பாடு. பிறகு நாங்கள் எங்கயும் நிக்கமாட்டம்."

"ஏன் அத்தான்?"

மனுசன் என்னைப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"ட்ரைவர் விடமாட்டா."