தையலுக்கு விட்ட ஓரங்குலம்

எங்கள் வாசற்படியிலிருந்து காலை எடுத்து வைத்தால் நேரே ரோடுதான். நடைபாதை கிடையாது, போதாக்குறைக்கு வளைவு வேறு. அங்கே வந்ததும்தான் வண்டிக்காரர்களுக்கெல்லாம் தலைபோகிற அவசரம் வரும். பதினொரு வருடத்தில் எனக்காக ஒருவன்கூட பிரேக்கை மிதித்ததில்லை, நாசமாய்ப் போக!

இந்த லட்சணத்தில் நகராட்சி புதுச் சட்டம் போட்டது. வாசல் நேராக ரோட்டில் திறக்கிற வீட்டை வாடகைக்கு விட வேண்டுமானால், எதிரே பாதசாரிகள் கடக்கும் கோடுகள் இருக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை பார்க்க வருவோம், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும் என்று கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். கோடு போட வேண்டியதும் அதே நகராட்சிதான், இதை எந்தச் சுவரில் முட்டிக்கொண்டு சொல்வது? மூன்று தையல் மெஷின்களோடு போய் நின்றால், சத்தம் என்று சொல்லி எவரும் வீடு தர மாட்டார்கள். வயிற்றெரிச்சலோடு சாமான்களைக் கட்ட ஆரம்பித்தேன்.

அதற்கு நடுவில் ஒரு பள்ளிக்கூட மேடைக்குத் திரை தைக்க ஒப்புக்கொண்டிருந்தேன். வெள்ளையும் நீலமும் மாறி மாறி வரும் நீளப் பட்டைகள். எவ்வளவு பெரிய துணியானாலும் முதலில் தரையில் சாக்பீஸால் முழு அளவுக்கு வரைந்து பார்த்துவிட்டுத்தான் கத்தரியைத் தொடுவேன். எங்கள் அறையிலோ மெஷின்களைப் போட்டபின் காலை நீட்டக்கூட இடமில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டிப் பார்த்தால், ரோட்டின் இரண்டு முனையிலும் தடுப்பு வைத்து வண்டிகளை வேறு பக்கம் திருப்பியிருந்தார்கள்.

"அண்ணி, ரோடே காலியா கிடக்கு, வாங்க!" என்று துள்ளினாள் என்னோடு தைக்கும் நாத்தனார்.

எதற்குத் தடுப்பு என்று கேட்கத் தோன்றியதா? இல்லை. இரண்டு பேரும் முட்டிபோட்டு, ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பட்டை பட்டையாக வரைந்தோம். பட்டைக்கு ஒன்றரை அடி, தையலுக்கு இரு பக்கமும் ஓரங்குலம். குழப்பம் வரக்கூடாதென்று வெள்ளைப் பட்டைகளுக்குள் 'வெள்ளை' என்றே எழுதினேன். பிறகு துணி வாங்கக் கடைக்குப் போனோம்.

திரும்பி வந்தால், வீட்டெதிரே கொதிக்கக் கொதிக்கப் பெயிண்ட். நான்கு பேர் என் திரையின் கடைசி வெள்ளைப் பட்டையை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயையோ, என்னய்யா பண்றீங்க?"

"இதே ரோட்டுல பள்ளிக்கூட வாசல்ல கோடு அடிச்சு முடிச்சிட்டு வந்தோம், இங்கயும் கோடு வரைஞ்சிருந்துச்சு," என்றார் மேஸ்திரி. "சாக்பீஸ் எங்க இருக்கோ அங்க பெயிண்ட். கேள்வி கேக்குறது எங்க வேலை இல்லம்மா. கலர்கூட எழுதியிருந்துச்சே, இவ்வளவு தெளிவா எந்த சர்வேயரும் போட்டதில்ல!"

நாத்தனார் துணி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

மாலையில் ஆய்வாளர் அம்மா வந்தார், பின்னாலேயே முகம் வெளுத்துப்போன வீட்டு ஓனர். அந்த அம்மா கோடுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இங்க கோடு போடச் சொல்லி ரோடு டிபார்ட்மென்ட்டுக்கு மூணு தடவை எழுதிக் கேட்டேன், அசையவே இல்ல. இப்ப யாரு போட்டது?"

நாத்தனார் என் இடுப்பைக் கிள்ளினாள். எனக்குப் பொய் வராது, வாய்தான் வரும்.

"நான்தாங்க. ஸ்கூல் திரைக்கு அளவு வரைஞ்சேன். பெயிண்ட் அடிக்கிறவங்க வந்து அதுமேலயே அடிச்சிட்டாங்க."

ஓனர் தலையில் கை வைத்தார். ஆய்வாளர் அம்மா டேப்பை எடுத்துக் குனிந்தார். "கோடு ஒவ்வொண்ணும் இருபது அங்குலம் இருக்கணும். குறைஞ்சா செல்லாது."

ஒன்றரை அடி என்றால் பதினெட்டு. போச்சு, மூட்டையைத் தூக்க வேண்டியதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இருபது," என்றார். அடுத்த பட்டைக்குப் போனார். "இருபது. அட, இதுவும் இருபது!"

தையலுக்கு விட்ட அங்குலங்கள்! அந்த அம்மாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அளவு சரியா இருக்கு. எனக்கு அளவுதான் கணக்கு," என்று கையெழுத்துப் போட்டார்.

தடுப்பை எடுத்ததும் முதலில் வந்தது ஒரு தண்ணீர் லாரி. நான் படியிலிருந்து இறங்கி முதல் பட்டையில் கால் வைத்தேன். கிறீச்சென்று நின்றது! டிரைவர் கையைக் காட்டி, "போங்கம்மா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பக்கம் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். இப்போது ஒரு கார் நின்றது, ஒரு பஸ்கூட நின்றது. ஓனரும் என் பின்னாலேயே இரண்டு முறை நடந்து பார்த்தார்.

"அண்ணி, திரை வெட்டணும், நாளைக்குக் குடுக்கணும்!" என்று படியிலிருந்து கத்தினாள் நாத்தனார்.

"இருடி, இன்னும் ரெண்டே ரெண்டு தடவை," என்றேன்.