செல்களுக்குத் தீனி

புறப்படும்போது என் கணவர் லுபோவா, செல் வளர்க்கும் இன்குபேட்டரின் கதவைக் கைக்குட்டையால் துடைத்தார். கண்ணாடியில் விரல்தடம் இருந்தால் அவருக்குப் பொறுக்காது.

"காலிப் பாட்டில் வாங்க எண்டெபே விமான நிலையம் வரைக்கும் போறேன், நாலோங்கோ."

"ஐஸ் உருகறதுக்குள்ள வந்து சேருங்க. வழியில மீன் பொரிக்கிற இடத்துல உக்காந்துடாதீங்க, சாலோங்கோ."

"மீன் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள். இரட்டையரைப் பெற்றவர்களைக் கம்பாலாவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவர் சாலோங்கோ, நான் நாலோங்கோ. இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை.

காலிப் பாட்டில் என்பது கேலி. நம் உடலில் ஒரு செல் இன்னொரு செல்லிடம் 'சாகாதே, பெருகு' என்று சொல்வதற்கு ஒரு புரதத்தை அனுப்புகிறது. அதைச் செய்யும் மனித மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்து, அங்கே விளைந்த புரதத்தைப் பிரித்து, உலர்த்திக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவுதான் உள்ளே இருக்கும்.

தாடைப் புற்றுநோய்க் கட்டியிலிருந்து பிழைத்த ஒரு சிறுவனின் ரத்தத்திலிருந்து லுபோவா வளர்த்த வெள்ளணுக்களுக்காகத்தான் அது. கட்டியை அடையாளம் கண்டு கொல்லும் அணுக்கள் அவை. சிறுவனின் குடும்பம் ஊர் மாறிப் போய்விட்டது. மறுபடி ரத்தம் எடுக்க வழியில்லை. பழைய குப்பியும் தீர்ந்திருந்தது. இரண்டு மூன்று நாள் புரதம் இல்லாவிட்டால் செல்கள் செத்துவிடும்.

திரும்பும் வழியில், கஜ்ஜன்சி அருகே, அவர் உட்கார்ந்து வந்த வாடகை பைக்கை லாரி இடித்தது.

உடலை அடையாளம் காட்டிய பிறகு காவல் நிலையத்தில் அவருடைய பொருட்களைக் கொடுத்தார்கள். தெர்மாகோல் பெட்டி மூலை உடைந்து, ஐஸ் உருகி, வெயிலில் கிடந்தது. காவலர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணும் இல்லையேம்மா. கூட்டத்துல யாரோ எடுத்துட்டாங்க போல."

"இல்லைங்கய்யா, இருக்கு."

"எங்க இருக்கு?"

"கண்ணுக்குத் தெரியாது."

அவர் என்னைப் பார்த்த பார்வை மாறியது. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா, தண்ணி குடிங்க," என்றார். கூட வந்திருந்த நாத்தனார் நபுக்கீராவிடம், "பத்திரமா கூட்டிட்டுப் போங்க," என்று மெதுவாகச் சொன்னார்.

அன்று உடல் வீட்டுக்கு வந்தது. மறுநாள் பிற்பகல் அவருடைய சொந்த ஊரான ம்பிகியில் அடக்கம். காலையில் ஆய்வுக்கூடத்திலிருந்து, எங்களுடன் வேலை செய்யும் ஒடொங்காரா போன் செய்தான்.

"நாலோங்கோ, இந்த நேரத்துல கேக்கக் கூடாது. செல்லெல்லாம் சுருங்க ஆரம்பிச்சிடுச்சு. இங்க யாரும் கை வைக்க மாட்டேங்கறாங்க. நான் வடக்கத்தியான், உங்க வழக்கம் எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

வழக்கம் எனக்குத் தெரியும். இறந்தவர் மண்ணுக்குள் போகும்வரை அக்கம்பக்கத்தில் ஒருவரும் மண்வெட்டியைத் தொட மாட்டார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்திலும் அப்படித்தான். சக ஊழியர் இறந்தால் அடக்கம் முடியும்வரை மேசைகள் மூடியிருக்கும்.

முற்றத்தில் பெண்கள் வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். நபுக்கீராவைத் தனியே அழைத்துச் சொன்னேன்.

"அது என்ன, செடியா?"

"இல்ல. உயிருள்ள செல்லு. அவர் வளர்த்தது. தீனி போடலேன்னா செத்துடும்."

"அப்ப கோழி மாதிரி."

"கிட்டத்தட்ட."

"துக்க வீட்டுல கோழிக்குத் தீனி போடறதை எவளாவது நிறுத்தினாளா? மண்ணைக் கொத்தறதுதான் கூடாது. போ. யாராவது கேட்டா நாலோங்கோ படுத்திருக்கான்னு சொல்லிக்கறேன். உடல் கிளம்பறதுக்கு முன்னால வந்துடு, இல்ல உன்னைக் கொத்திடுவாங்க."

துக்கத் துணியை இடுப்பில் கட்டியபடியே குப்பியை எடுத்துக்கொண்டு போனேன். ஒடொங்காரா கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

"வெயில்ல கிடந்ததாமே. உயிரோட இருக்குமா?"

"காஞ்ச பொடி தாங்கும்னு சொல்வாங்க. பாப்போம்."

மூடியில் ஒட்டியிருப்பது கீழே இறங்க, திறக்குமுன் குப்பியைச் சுழற்றினேன். தண்ணீர் விட்டேன். குலுக்கினால் புரதம் கெடும். அது தானாகக் கரையும்வரை கைகட்டி உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு நாளில் நான் சும்மா உட்கார்ந்தது அங்கே மட்டும்தான். பிறகு அளந்து செல்களுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். உடல் அப்போதும் கிளம்பியிருக்கவில்லை.

அடக்கம் முடிந்து நான் ஆய்வுக்கூடம் போனபோது வளர்ப்புத் திரவம் சிவப்பிலிருந்து மஞ்சளாக மாறியிருந்தது. செல்கள் நன்றாகத் தின்றால்தான் அந்த நிறம் வரும். நுண்ணோக்கியில் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. ஒடொங்காரா அழுதான். எனக்கு அழுகை வரவில்லை.

போதிய அளவு பெருகியதும் உறையவைத்தோம். செல்களை வளர்த்தவரின் பெயரின் முதலெழுத்தைக் குழாயில் எழுதுவது எங்கள் முறை.

"உங்க எழுத்தையே போடுங்க. காப்பாத்தினது நீங்கதானே," என்றார் தலைவர் டாக்டர் அபியோ.

"வளர்த்தது அவர், டாக்டர்," என்று அவருடைய எழுத்தையே எழுதினேன்.

குழாய்கள் திரவ நைட்ரஜன் தொட்டியில் இருக்கின்றன. அந்த எழுத்தை மாற்ற நினைத்தாலும், உறைந்த குழாயின் மேல் புது மை ஒட்டாது.