முப்பது நாள் நடை

பதினான்கு வருடம் பேருந்து ஓட்டியவளை இனிமேல் நடக்கச் சொன்னார்கள்.

சொன்னவர் பணிமனை மருத்துவர். முப்பது கட்டம் போட்ட ஒரு மஞ்சள் அட்டையை மேசையில் அவள் பக்கமாகத் தள்ளினார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நகராட்சி புதிதாக ஒரு 'மன அமைதி நடைபாதை' போட்டிருக்கிறது. தினம் ஒரு சுற்று நடக்க வேண்டும். வாசலில் இருக்கும் காவலாளி ஒரு கட்டத்தில் முத்திரை குத்துவார். முப்பதும் நிரம்பிய பிறகு, திரும்ப வண்டியைக் கொடுக்கலாமா என்று பார்ப்பார்கள்.

"மாத்திரை ஏதும் கிடையாதா சார்?"

"தூக்கத்துக்குத்தான் குடுத்திருக்கேனே. இது மனசுக்கு. அங்கங்க பலகை வச்சிருக்காங்க, நின்னு படிங்க. அவசரப்படாதீங்க."

"சரி சார்."

"உங்க மேல தப்பில்லன்னு விசாரணையிலயே சொல்லிட்டாங்க. அதை மறந்துடாதீங்க."

அவள் எங்கே மறக்க? இந்த ஐந்து வாரத்தில் மேலாளர், நடத்துனர்கள், பக்கத்து வீட்டுக்காரி, காய்கறிக் கடைக்காரர் என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். தப்பில்லைதான். பிற்பகல் இரண்டே முக்கால் மணி, பாதி காலியான வண்டி, நிதானமான வேகம். நிறுத்தியிருந்த இரண்டு வேன்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெரியவர் சாலையில் இறங்கினார். அவள் பிரேக்கை மிதித்தாள். வண்டியும் நின்றது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஓர் ஆள் நீளம் தள்ளி நின்றது.

அன்றிலிருந்து அவளுடைய வலது கால் அவள் பேச்சைக் கேட்பதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தரையை மிதித்தது. தூக்கத்தில் புருஷனை மிதித்தது. சலவை இயந்திரங்கள் பழுதுபார்க்கிற அவர், ஒன்றும் சொல்லாமல் நடுவில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு படுத்தார். அவருடைய தங்கைதான் வாய் சும்மா இருக்காதவள்.

"சம்பளமும் குடுத்து நடக்கவும் சொல்றாங்களா? அப்படி ஒரு வேலை எனக்கும் பாத்துக் குடுங்க அண்ணி."

"நீ வேணா போயேன். நான் வீட்ல படுத்துக்கறேன்."

நாத்தனார் சிரித்தாள். இவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நடைபாதை ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு காலத்தில் குப்பை கொட்டிய நிலத்தில் வளைந்து வளைந்து சிவப்புக் கல் பதித்து, ஆறு இடங்களில் பலகை நட்டிருந்தார்கள். அந்த இடங்களுக்கு 'நிறுத்தம்' என்று பெயர் வைத்திருந்தது மட்டும் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. முதல் நிறுத்தத்தில் மூச்சைக் கவனிக்க வேண்டும். இரண்டாவதில் 'இந்த மரத்தைத் தொட்டுப் பாருங்கள்' என்று எழுதியிருந்தது. மரம் முழங்கால் உயரத்தில் கம்பிக்கூண்டுக்குள் இருந்தது. மூன்றாவதில் கவலைகளை ஓடையில் விடச் சொன்னார்கள். மோட்டார் ரிப்பேர் என்பதால் ஓடையில் தண்ணீர் இல்லை, கொஞ்சம் சருகு கிடந்தது. நான்காவதில் ஒரு பெஞ்சும், 'இன்று உங்களிடம் நீங்கள் அன்பாக இருந்தீர்களா?' என்ற கேள்வியும்.

"இதையெல்லாம் யாருங்க உக்காந்து எழுதினது?" என்று காவலாளியிடம் கேட்டாள்.

"எழுதினவரு ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போனாரும்மா. ஏசி காருல." அவர் அட்டையில் முத்திரையை அழுத்தினார். "நடக்கிறவங்களுக்கு மன அமைதி. உக்காந்தே இருக்கிற எனக்கு மூட்டு வலி."

அவள் நடக்கவில்லை, ஓட்டினாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பலகை முன்னாலும் அரை நிமிடம் நின்றாள். யாரும் ஏறவில்லை, இறங்கவில்லை என்பது போல அடுத்ததற்குக் கிளம்பினாள். மொத்தம் இருபத்திரண்டு நிமிடம். வீட்டுக்குப் போய், கிளம்பியபோது இருந்ததை விடக் களைப்பாக உட்கார்ந்தாள்.

நான்காவது நிறுத்தத்துப் பெஞ்சில் தினமும் ஒரு பெண் இருந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது, பாதி நரைத்த முடி, மடியில் ஒரு துணிப்பை. எதையும் படிக்க மாட்டாள், போனைப் பார்க்க மாட்டாள். ஒரு வாரம் கழித்து இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள். அதற்கு மேல் பேச இருவருக்கும் தெம்பில்லை போலிருந்தது.

பத்தொன்பதாம் நாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்து காலை நீவிவிட்டாள்.

"நீங்க இருபத்தாறாம் நம்பர் வண்டி டிரைவர்தானே?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமா. ஏறியிருக்கீங்களா?"

"இல்ல." அவள் துணிப்பையின் காதை விரலில் சுற்றினாள். "அன்னைக்கு உங்க வண்டில... அவரு எங்கப்பா."

ஓட்டுநரின் வலது கால் சிவப்புக் கல்லை மிதித்தது. எழுந்து போக நினைத்தாள், முடியவில்லை. "என்னை மன்னிச்சிடுங்க" என்ற வார்த்தை, விசாரணையில் சொல்லவே கூடாது என்று சங்கத்துக்காரர் எச்சரித்திருந்த வார்த்தை, தானாக வெளியே வந்தது.

"அதுக்காகப் பேசல. ஒன்னு கேக்கணும். கடைசியா அவரு எப்படி இருந்தாரு? பயந்தாரா?"

இதை யாரும் கேட்டிருக்கவில்லை. வேகம் கேட்டார்கள், ஹாரன் அடித்தாளா என்று கேட்டார்கள், எத்தனை அடி தூரம் என்று கேட்டார்கள்.

"பயப்படல. கையைக் காட்டினாரு. வண்டிய நிறுத்தச் சொல்லி, ஏறுறதுக்கு. கொஞ்சம் கோவமா இருந்தாரு. நான் ரொம்ப லேட்டா வந்துட்ட மாதிரி."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

"அவரேதான். ரிட்டயராகி இருபது வருஷம் ஆச்சு. தினம் மத்தியானம் ஆபீஸ் போகணும்னு கதவுகிட்ட நிப்பாரு. நான் யாருன்னே மறந்துடுச்சு, ஆபீஸ் மறக்கல. ஒன்பது வருஷம் நான்தான் பாத்துக்கிட்டேன். கண்ணாடிக் கடைல அரை நாள் வேலை, மீதி அவரு. இப்ப ரெண்டு மணி ஆனா ஊட்டிவிட ஆளில்ல, கை சும்மா இருக்க மாட்டேங்குது. அதான் இங்க வர்றேன்."

தூரத்தில் கூண்டுக்குள் இருந்த செடியைப் பார்த்தபடி தொடர்ந்தாள்.

"கதவை நான்தான் பூட்டியிருக்கணும். மூணு நாளா அவரு தூங்கல, என்னையும் தூங்கவிடல. சாப்பாடு குடுத்துட்டு அஞ்சு நிமிஷம்னு சாஞ்சேன். போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டினப்பதான் முழிச்சேன். அவரு விஷயத்தைச் சொன்னதும் எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? இன்னைக்கு தூங்கலாம்னு தோணுச்சு."

தூரத்தில் யாரோ கல் பாதையில் சைக்கிள் ஓட்ட, காவலாளி சத்தம் போடுவது கேட்டது.

"இதை யார்கிட்டயும் சொல்லல. தம்பிகிட்ட எப்படிச் சொல்றது? விசாரணைல அவன் கத்தினதப் பாத்தீங்கல்ல."

"என்னைப் பாத்துத்தானே கத்தினாரு. கொலைகாரின்னாரு."

"ஆமா. என்னைச் சொல்லியிருக்கணும். நான் கடைசி வரிசைல வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

ஓட்டுநர் எழுந்தாள். கால் வலி போன இடம் தெரியவில்லை. நாற்பது பேர் இருந்த அந்த அறையில் தான் தலைகுனிந்து நின்றது, அந்தச் சொல் வீட்டுக்கும் கூடவே வந்தது, பள்ளிக்கூடத்தில் மகளிடம் யாரோ கேட்டது எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீங்க" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஐந்தாவது, ஆறாவது பலகைகளைப் பார்க்காமலே வாசலுக்கு வந்தாள். முத்திரை குத்திக்கொள்ளவும் மறந்தாள்.

இரண்டு நாள் போகவில்லை. முதல் நாள் கோபம் முழுசாக இருந்தது. வீட்டில் பாத்திரங்கள் எல்லாம் சத்தமாகக் கழுவப்பட்டன. புருஷனிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "மூணு நாள் தூங்கலையாமா?" என்று மட்டும் கேட்டார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இரண்டாம் நாள் கோபத்தைப் பிடித்து வைத்திருப்பதே ஒரு வேலையாகிவிட்டது. அதற்கும் தெம்பு வேண்டும்.

மூன்றாம் நாள் போனாள். அந்தப் பெண் அதே இடத்தில் இருந்தாள். இவளைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டு எழப் பார்த்தாள்.

"உக்காருங்க" என்றாள் ஓட்டுநர். தானும் உட்கார்ந்தாள். உங்கள் மேல் தப்பில்லை என்பது வாய் வரை வந்தது. அந்த வாக்கியத்துக்கு எவ்வளவு பலம் என்று தெரிந்தவள் ஆகையால் சொல்லவில்லை.

"இப்பவாவது தூக்கம் வருதா?"

"இல்ல. படுத்தா காது கதவுலயே இருக்கு. உங்களுக்கு?"

"பிரேக் போட்டுக்கிட்டே இருக்கேன்."

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் தலை முன்னால் சரிந்து, நிமிர்ந்து, மறுபடி சரிந்தது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து ஓட்டுநரின் தோளில் நின்றது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஓட்டுநர் அசையவில்லை. தோள் மரத்தது. எறும்பு ஒன்று முழங்கையில் ஏறியதைக்கூடத் தட்டவில்லை. அவள் வேறு எதையும் யோசிக்காமல், ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே எத்தனை நேரம் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மணிக்குக் காவலாளி முழங்காலைப் பிடித்தபடி வந்தார். "கேட்டைப் பூட்டணும்மா."

"கொஞ்சம் பொறுங்க."

"ரூல்ஸ் ஆறு மணி."

"அவங்க எழுந்துக்கட்டும், போயிடறோம்" என்றாள் மெல்லிய குரலில்.

அவர் பெஞ்சைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், ஏதோ முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார். கேட் பூட்டப்பட்டபோது ஆறே முக்கால்.

அட்டை நிரம்ப முப்பத்து மூன்று நாள் ஆயிற்று. எந்தப் பலகை மனதுக்கு இதமாக இருந்தது என்று மருத்துவர் கேட்டார், படிவத்தில் அதற்கு ஓர் இடம் இருந்தது. "பெஞ்சு நல்லா இருக்கு சார்" என்றாள். அவர் நான்கு என்று எழுதிக்கொண்டார். இரண்டு வாரம் இன்னொரு ஓட்டுநர் கூடவே உட்கார்ந்து வர, அவள் மறுபடி வண்டி எடுத்தாள். வேறு வழித்தடம் கேட்டாள். ஆள் இல்லை என்றார்கள். அதனால் தினமும் அந்த இடத்தைக் கடந்துதான் போனாள். இன்னும் பாதி நாட்கள் உடம்பு அடித்துப் போட்டது போலத்தான் வீடு திரும்பினாள். ஆனால் திரும்பினாள்.

வார விடுமுறையில் ஒருமுறை நடைபாதைக்குப் போனபோது அந்தப் பெண் வாசலிலேயே நின்றிருந்தாள். கடையில் முழுநாள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம், இனி மத்தியானம் வர முடியாதாம்.

"தம்பிகிட்ட சொல்லிட்டேன்" என்றாள்.

"என்ன சொன்னாரு?"

"ஒன்னும் சொல்லல. போனை வச்சுட்டான். மூணு வாரமாச்சு, பேசல." பையின் காதை விரலில் சுற்றியபடி, "உங்ககிட்ட வந்து பேசுவான்னு எதிர்பாக்காதீங்க" என்றாள்.

"எதிர்பாக்கல."

காவலாளி நாற்காலியிலிருந்தே கையை உயர்த்தினார். அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சரி, பாத்துப் போங்க" என்றாள், யாரும் யாருக்கும் சொல்வது போல. சொன்ன பிறகுதான் அது யார் யாரிடம் சொன்ன வார்த்தை என்று இருவருக்கும் உறைத்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

ஓட்டுநர் அவள் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள்.

"பாத்துதான் போறேன்" என்றாள்.