முதலாளியின் சாப்பாடு

மூன்றாவது தடவையும் குழந்தை கஞ்சியைத் துப்பிவிட்டது. கோபமாகக்கூட இல்லை. நாக்கு நுனியால் நிதானமாக வெளியே தள்ளிவிட்டு, அது தாடையில் வழிந்து கழுத்து மடிப்பில் இறங்கும்வரை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்துத் துடைத்துத் தாடை சிவந்துவிட்டது. மணி இரண்டைத் தாண்டிவிட்டது. விடியற்காலையில் குடித்த தாய்ப்பாலைத் தவிர குழந்தையின் வயிற்றில் வேறெதுவும் இல்லை. இப்போது மார்பில் வைத்தாலும் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு அழுதது.

சமையலறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தியிருந்தாள். அந்தப் பக்கம் கூடத்தில் பெரியப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். சோபாவைப் பால்கனியில் தூக்கிப் போட்டுவிட்டுக் கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மூன்று மாடி ஏறி வந்தவர்கள் முதலில் மூச்சு வாங்கிவிட்டு அப்புறம் அழுதார்கள். ஊரெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன் அவள் கணவன். அவன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று மணிக்கு வண்டி வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

பெரியப்பா என்றால் குழந்தைக்குத்தான் பெரியப்பா. அவளுக்குக் கணவனின் அண்ணன். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். பெண் பார்க்கப் போகவேண்டிய ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் டியூட்டி விழுந்து, கடைசியில் கல்யாணம் என்பதே பஸ்ஸைத் தவறவிட்ட கதையாகிவிட்டது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நெஞ்சுவலி வந்து வேலையை விட்டபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டார். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்வரை அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் எதிரில் போய் நின்று கனைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை பிறந்தபின் வீட்டில் எல்லோருக்கும் அவர் பெரியப்பா ஆனார். குழந்தைக்கு அவர் வைத்த பெயர் முதலாளி. பெண் குழந்தைக்கு அது என்ன பெயர் என்று கேட்டால், "உத்தரவு போடறது யாரு, ஓடறது யாரு, நீயே பாரு" என்பார்.

அவள் வேலைக்குத் திரும்பவேண்டி வந்தபோது, "முப்பது வருஷமா ஊர் ஜனத்தையே ஏத்தி இறக்கியிருக்கேன். ஒரே ஒரு ஆளைப் பாத்துக்க மாட்டேனா?" என்று அவர்தான் முன்வந்தார். அவளுக்குத் தைக்கும் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை பார்க்கவேண்டும். பிசிறு, விட்டுப்போன தையல், ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போன பொத்தான். எட்டு மணிநேரம் குற்றம் கண்டுபிடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கண் அதே பழக்கத்தில்தான் இருக்கும். குழந்தையின் நகத்தைப் பார்ப்பாள், அவருடைய நகத்தையும் பார்ப்பாள்.

அதற்குக் காரணம் இருந்தது. நாலாவது மாசத்தில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. கையில் நரம்பு கிடைக்காமல் காலில் ஊசி குத்தினார்கள். அன்றைக்கு அவள் முடிவு செய்ததுதான்: தன் கண்ணெதிரில் கொதிக்காத எதுவும் இந்த வாய்க்குள் போகக்கூடாது. ஆறு மாசம் முடிந்ததும் அரிசியும் பயறும் வறுத்து அரைத்து, இரண்டு தடவை சலித்து மாவு தயார் செய்தாள். தினமும் ஐந்து மணிக்கு எழுந்து கஞ்சி காய்ச்சி ஃபிளாஸ்க்கில் ஊற்றிவைத்தாள். உப்பு கிடையாது, சர்க்கரை கிடையாது. எத்தனை மணிக்கு எத்தனை கரண்டி என்று எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்துவிட்டு, "சரிம்மா" என்றார். சாயங்காலம் வந்து பார்த்தால் ஃபிளாஸ்க் காலியாக இருக்கும். கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும்.

பலன் கண்கூடாகத் தெரிந்தது. கிளினிக் அட்டையில் கீழ்நோக்கிச் சரிந்துகொண்டிருந்த எடைக் கோடு ஏழாம் மாசம் நிமிர்ந்தது, எட்டாம் மாசம் ஏறியது. நர்ஸம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்ற தாய்மார்களிடம், "என்ன குடுக்கறாங்கன்னு இவங்ககிட்ட கேட்டுக்குங்க" என்றாள். அவளும் எத்தனை பங்கு அரிசி, எத்தனை பங்கு பயறு என்று இரண்டு பேருக்கு எழுதிக்கொடுத்தாள். "இனிமே வீட்டுச் சாப்பாட்டையே மசிச்சுப் பழக்குங்க, அதுவும் உங்ககூட உக்காந்து சாப்பிடட்டும்" என்று நர்ஸம்மா சொன்னதற்கும் தலையாட்டினாள். தலையாட்டியதோடு சரி.

நேற்று கம்பெனியில் கரன்ட் போய் நாலு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்தபோது பெரியப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் முதலாளி. முன்னால் அவருடைய தட்டு. சோறும் வெந்த உருளைக்கிழங்கும் பிசைந்த அதே விரலால் குழந்தையின் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தார். கை, அவர் வாய், தட்டு, மறுபடியும் குழந்தை. அவளுக்கு ஆஸ்பத்திரியும் காலில் குத்திய ஊசியும்தான் கண்ணில் தெரிந்தன. குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு, "உங்க எச்சியைத் தின்னு வளர எம்புள்ள என்ன தெருநாயா?" என்று கத்தினாள். அப்போதுதான் கணவனும் படியேறி வந்து வாசலில் நின்றான். பெரியப்பா கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்தார். "சரிம்மா" என்றார். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு தன் அறைக்குப் போனார். ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டதற்குப் பசியில்லை என்றார். காலை ஆறு மணிக்குக் கணவன் போய் எழுப்பியபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

பசியோடு போனாரா என்பதுதான் காலையிலிருந்து அவள் மனசை அறுத்துக்கொண்டிருந்தது. யாரிடம் கேட்பது? கணவன் காலையிலிருந்து அவளிடம் பேசியது மூன்றே விஷயம்: அடையாள அட்டை, வேஷ்டி, டாக்டர். அவன் முகத்தை அவள் இரண்டு தடவை பார்த்தாள். மூன்றாம் தடவை பார்க்கத் தைரியம் வரவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு கண்டக்டர் உள்ளே வந்தார். பெரியப்பாவோடு பதினெட்டு வருஷம் ஒரே பஸ்ஸில் போனவர். ரிட்டயர் ஆனபிறகும் பகலில் வந்து அவரோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார் என்று அவளுக்குத் தெரியும். அழுது கண் வீங்கியிருந்தது.

"ஒரு டம்ளர் தண்ணி குடும்மா. அங்க உக்கார முடியல."

குடித்துவிட்டுக் குழந்தையைப் பார்த்தார். குழந்தை அழுகையை நிறுத்தி அவரை அடையாளம் கண்டுகொண்டது.

"என்ன முதலாளி, இன்னைக்கு சர்வீஸ் இல்லையா?" என்றவர், கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "இதையா குடுக்கற? இதை எங்க திங்கப்போவுது!" என்றார்.

"தினமும் இதைத்தான் சாப்பிடறா."

"யாரு, இதுவா?" கண்டக்டர் அவளை விநோதமாகப் பார்த்தார். "ஏம்மா, நான் தினம் பதினோரு மணிக்கு வர்றவன். ரெண்டு பேரும் எதிரும் புதிருமா உக்காருவாங்க. இது அவன் சோத்தைத் திங்கும். அவன் இதோட கஞ்சியைக் குடிப்பான். பஸ் கழுவின தண்ணி மாதிரி இருக்குடான்னு மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிப்பான். உனக்குத் தெரியாதா?"

அவள் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். அவர் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று புரிந்து குரலைத் தாழ்த்தினார்.

"முதல்ல ஒரு வாரம் என்னென்னவோ பண்ணிப் பாத்தான்மா. பாட்டுப் பாடினான். பாலாடையில குடுத்தான். எல்லாத்தையும் துப்பிடுச்சு. அப்புறம் ஒரு நாள் அவன் சாப்பிடறப்ப தானா தவழ்ந்துவந்து தட்டுல கைய விட்டுது. அவ்வளவுதான்."

"கஞ்சியைக் கொட்டியிருக்கலாமே," என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"நானும் அதைத்தான் சொன்னேன். சட்டுனு கோவம் வந்துடுச்சு அவனுக்கு. 'அந்தப் பொண்ணு அஞ்சு மணிக்கு எந்திரிச்சுக் காய்ச்சி வச்சுட்டுப் போவுது, அதைப்போய்க் கொட்டச் சொல்றியே'ன்னான்."

கதவருகே நிழலாடியது. கணவன் நின்றிருந்தான். எதையோ எடுக்க வந்தவன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவனுக்கும் தெரியும் என்று அப்போது அவளுக்கு விளங்கியது. மூன்று மாசமாக வீட்டில் அவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து கணக்காக எழுதிக்கொடுத்த அந்த இரண்டு சீட்டுகள் ஞாபகம் வந்து அவளுக்கு உடம்பு கூசியது. அழவேண்டும் போலிருந்தது. அதற்குக்கூடத் தெம்பு இல்லை.

குழந்தை மறுபடி வீறிட்டது. அவள் அடுப்பு மேடையைப் பார்த்தாள். எதிர்வீட்டு டீச்சர் காலையில் கொண்டுவந்து வைத்த சாப்பாடு மூடியபடி இருந்தது. ஒரு தட்டை எடுத்துச் சோறு போட்டாள். பருப்பு ஊற்றினாள். தேய்த்துத் தேய்த்துக் கையைக் கழுவினாள். பிசைந்து, ஒரு பருக்கை அளவு எடுத்துக் குழந்தையின் உதட்டில் வைத்தாள். அது வாயை இறுக்க மூடிக்கொண்டது.

"இங்க குடுத்தா திங்காதும்மா," என்றார் கண்டக்டர். "கூடத்துல, தரையில உக்காரணும். முதல்ல அவன் ஒரு வாய் போட்டுக்குவான். அதைப் பாத்துட்டுத்தான் அது வாயைத் தொறக்கும்."

கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவள் இடுப்பில் குழந்தையும் கையில் தட்டுமாக வந்ததும் பேச்சு நின்றது. கட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் இருத்தினாள். பெரியப்பாவின் கை போர்வைக்கு வெளியே கட்டில் விளிம்பில் இருந்தது. குழந்தை அதைப் பிடித்து இழுத்தது. கை வரவில்லை. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, திரும்பித் தட்டைப் பார்த்தது.

அவள் ஒரு வாய் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"என்னம்மா இது, நடு வீட்ல அவனைப் போட்டு வச்சுட்டு…" என்று கணவனின் அத்தை ஆரம்பித்தார்.

நேற்றிலிருந்து அவளும் சாப்பிடவில்லை. விழுங்க முடியாமல், துப்பவும் முடியாமல் மென்றுகொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. எல்லோரும் தன்னைப் பார்ப்பது தெரிந்தது. என்ன நினைப்பார்கள் என்பதும் தெரிந்தது. குழந்தை அவள் தாடை அசைவதை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தது. கஷ்டப்பட்டு விழுங்கினாள். இரண்டாவது வாயும் தனக்கே போட்டுக்கொண்டாள். மூன்றாவதற்குத் தட்டில் கை வைத்தபோது குழந்தை அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தது. வாய் திறந்திருந்தது. கீழே இரண்டு பல் தெரிந்தது.

ஊட்டினாள். கொஞ்சம் வெளியே வந்தது. அதை விரலாலேயே வழித்து மறுபடி உள்ளே வைத்தாள். போய்விட்டது. அடுத்த வாய்க்குக் குழந்தை காத்திருக்கவில்லை, தானே தட்டில் கையை வைத்து அள்ளியது. கொஞ்சம் வாயில், கொஞ்சம் அவள் புடவையில், கொஞ்சம் தரையில்.

கீழே ஹாரன் சத்தம் கேட்டது. படியில் யாரோ ஓடி வந்தார்கள்.

"வண்டி வந்துடுச்சு," என்றான் கணவன்.

எல்லோரும் எழுந்தார்கள். சேலைகளையும் வேஷ்டிகளையும் சரிசெய்துகொண்டார்கள். நாலு பேர் கட்டிலை நோக்கி வந்தார்கள்.

"எந்திரிம்மா, கையைக் கழுவு," என்றார் அத்தை.

அவள் தலை நிமிரவில்லை. "இன்னும் சாப்பிட்டு முடிக்கல," என்றாள்.

வந்த நாலு பேரும் கணவனைப் பார்த்தார்கள். அவன் தட்டைப் பார்த்தான். பாதிச் சோறு மிச்சமிருந்தது. குழந்தை வாயைத் திறந்தபடி அவள் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தது. அவன் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தான். மற்றவர்கள் நின்றபடியே நின்றார்கள்.

கண்டக்டர் பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இன்ஜினை ஆஃப் பண்ணுப்பா. கொஞ்ச நேரம் ஆவும்."

கீழே சத்தம் நின்றது. அவள் அடுத்த வாயை மசித்தாள்.