திருப்பாத பாட்டில்கள்

அண்ணியும் நானும் ஒரே பெல்ட்டில் வேலை பார்த்தோம். நொடிக்கு ஒரு பாட்டில் வரும். முதல் கூண்டில் அண்ணி. ஒவ்வொரு பாட்டிலையும் கையால் அரைச் சுற்று திருப்பி, விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து அனுப்ப வேண்டும். அடுத்த கூண்டில் நான். பாட்டிலின் முத்திரை என் பக்கம் இருந்தால் அண்ணி திருப்பியிருக்கிறார். இல்லாவிட்டால் திருப்பவில்லை. விட்டுப்போகும் ஒவ்வொரு தடவையும், எத்தனை திருப்பாமல் போயின என்று நேரம் போட்டு ஒரு சீட்டு எழுதுவது என் வேலை. உட்கார்ந்ததும் மடிக்குக் குறுக்கே ஒரு கம்பி விழும். பெல்ட் நிற்கும்வரை அது மேலே எழாது.

நாற்பது சீட்டு சேர்ந்தால் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அண்ணிக்கு முப்பத்தியாறு ஆகியிருந்தது. எல்லாம் என் கையெழுத்து. சொந்தம் என்று சலுகை காட்டினால் என் சீட்டையும் சேர்த்துக் கிழிப்பதாக மேஸ்திரி முதல் நாளே சொல்லியிருந்தார்.

ஆறு மாதமாகவே அண்ணி சரியில்லை. உடை மாற்றும் அறைக்குப் பன்னிரண்டு படி. எட்டாவதில் நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிவார். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு மறந்துபோவார். மாலையில் கணுக்கால் வீங்கியிருக்கும். தெருமுனை டாக்டர் மாதவிலக்கு நிற்கிற வயது என்று சத்து மாத்திரை எழுதினார். அடுத்த முறை நடக்கச் சொன்னார். நாடி பிடித்த நர்ஸ் நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு துடிப்பு என்று சொல்லி, விளையாட்டு வீராங்கனைக்குத்தான் இப்படி இருக்கும் என்று பாராட்டி அனுப்பினாள். அண்ணனுக்கு அது ஒரு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது.

"உக்காந்து பாட்டில் பாக்குறதுக்கு மூச்சு வாங்குதாம் நம்ம வீராங்கனைக்கு" என்பான். நானும் சிரித்தேன்.

சீட்டு ஏற ஏற அண்ணி வீட்டில் என்னோடு பேசுவதை நிறுத்தினார். பேசியது ஒரே முறை. "ராத்திரி ஷிஃப்ட்ல தூங்கி வழிஞ்சு ஓடி வந்தவ, எனக்குச் சீட்டு எழுதுறா."

உண்மைதான். ராத்திரியில் இதே பாட்டில் திருப்பும் வேலையில் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தேன், பிறகு விட்டுவிட்டேன். அதனால் தூக்கம் எப்படிப் பாட்டிலைக் கோட்டைவிடும் என்று எனக்குத் தெரியும். இங்கே ஒன்று, அங்கே இரண்டு என்று சிதறும். அண்ணியுடையது அப்படி இல்லை. ஒரு மணி நேரம் ஒன்றுகூடத் தப்பாது. திடீரென்று ஐந்து, ஆறு வரிசையாகப் போகும். மறுபடி எல்லாம் சரியாக வரும். முப்பத்தியாறு சீட்டை எழுதிய பிறகுதான் இது என் மண்டையில் ஏறியது.

அன்று காலை பதினொன்று பத்துக்கு, திருப்பாத பாட்டில் ஒன்று வந்தது. கம்பியில் வயிறு அழுந்தச் சாய்ந்து, கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தேன். அண்ணியின் கை பெல்ட்டுக்கு மேல் அப்படியே நின்றது. கண் திறந்திருந்தது. கைக்கடியில் பாட்டில்கள் போய்க்கொண்டிருந்தன. பிறகு கை இறங்கி, வந்த பாட்டிலைத் திருப்பியது.

தடுப்பைத் தட்டினேன். "அண்ணி, இப்ப எத்தனை விட்டீங்க?"

"ஒண்ணுகூட விடல. வேலையைப் பாருடி."

பொய் சொல்லும் முகம் இல்லை அது. அவருக்குத் தெரியவே இல்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். பெல்ட் நின்றது, கம்பி மேலே எழுந்தது. யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று மேஸ்திரி ஓடிவந்தார். சீட்டுக்கட்டை அவர் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு, வரமாட்டேன் என்ற அண்ணியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கிருந்த டாக்டரம்மாவும் வயதைக் கேட்டுவிட்டு, அலுப்பாக இருக்கும் என்று எழுத ஆரம்பித்தார். சீட்டுகளை அவர் முன்னால் பரப்பினேன். ஐந்து, ஆறு, ஏழு. எல்லாம் வரிசையாக.

"பாட்டில் எவ்வளவு வேகத்துல வரும்?"

"நொடிக்கு ஒண்ணு."

பேனா நின்றது. உடனே படுக்க வைத்து மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். இதயம் மெதுவாக ஓடுகிறது, நடுவில் நின்று நின்று போகிறதோ என்று சந்தேகம், அதைத் திரையில் பிடித்துவிட்டால் தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவி வைத்துச் சரிசெய்யலாம் என்றார். பிடிக்கும்வரை அண்ணி எழக்கூடாது. கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பியை ஏற்றிவிட்டுப் போனார்கள்.

"இங்கயுமா கம்பி" என்றார் அண்ணி. நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருத்தியின் இதயம் எப்போது நிற்கும் என்று காத்திருப்பதும் ஒரு வேலைதான்.

மூன்று மணிக்கு மேல் கோடு படுத்தது. நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே எண்ணினேன். ஒன்று. இரண்டு. அண்ணியின் கண் திறந்தே இருந்தது. ஐந்து. ஆறு. ஏழு. கோடு துள்ளி எழுந்தது. இயந்திரம் அலறியது. நர்ஸ் ஓடிவந்தாள்.

அண்ணி அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"எத்தனை விட்டேன்?"

"ஏழு அண்ணி."

"எழுதிக்கோ" என்றார்.