பால் கொடுக்கும் நேரம்

மலாயாவில் கிள்ளானை அடுத்த அந்த ரப்பர் தோட்டத்தில் காலை மணி அடித்தால், கைக்குழந்தைக்காரிகள் பாலுக்காக மரப்பட்டையை வெட்டுவதை நிறுத்திவிட்டு ஆயாக் கொட்டகைக்குப் போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வரலாம். கம்பெனியின் கருணை அது. அதைச் சொல்லிச் சொல்லியே ஆள் பிடித்தார்கள்.

மணி அடித்தது. செங்கமலமும் வாளியை வைத்துவிட்டு நடந்தாள். கொட்டகையில் உட்கார்ந்து கையை நீட்டிய பிறகுதான், தன் பிள்ளை போன வாரம் காய்ச்சலில் செத்துப்போனது நினைவுக்கு வந்தது. ஆயா, தாய் வந்து சேராமல் கத்திக்கொண்டிருந்த ஒரு குழந்தையை அவள் மடியில் போட்டாள். அது குடித்தது.

திரும்பி வந்தபோது மரத்தடியில் கங்காணி நின்றிருந்தார்.

"எங்க போன?"

"பால் குடுத்துட்டு வரேங்க."

"ஒம்புள்ளதான் போயிருச்சே. இனிமே மணி அடிச்சா நீ போவக்கூடாது. அது புள்ள இருக்கறவளுக்குத்தான்."

"சரிங்க," என்றாள். அவர் சொன்னதில் தப்பொன்றும் அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாளும் மணி அடித்தது. மற்றவர்கள் போனார்கள். செங்கமலம் வெட்டிக்கொண்டே இருந்தாள். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்து ஒட்டியது. ரப்பர் பால் வடியும் மங்குக் கிண்ணத்தைத் துடைக்கிற துணியாலேயே அதையும் துடைத்துவிட்டு, அடுத்த மரத்துக்குப் போனாள்.