பதினான்காவது துப்பாக்கி

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரின் ஹாகன் வீட்டில் போன் அடித்தது. அமெரிக்காவில் மொன்டானாவின் அந்தப் பள்ளத்தாக்கில் அந்த நேரத்துக்குப் போன் வந்தால் யாருடைய மாடோ வேலியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஆகவே ஆரின் முதலில் தொப்பியை மாட்டிக்கொண்டு, பிறகுதான் போனை எடுத்தான்.

"மிஸ்டர் ஹாகனா? நான் கொரின். லாட்டியோட அம்மா."

பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் டீச்சர். பெருநகரமான சியாட்டிலிலிருந்து வந்து நாலு வாரம்தான் ஆகிறது. ஆரின் தொப்பியைக் கழற்றினான்.

"சனிக்கிழமை வில்லாவோட பிறந்தநாளுக்கு லாட்டி உங்க வீட்டுல தங்கறா இல்லையா? அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க, அவளை எங்கே அனுப்பினாலும் நான் கேக்கறதுதான். உங்க வீட்டுல துப்பாக்கி இருக்கா? இருந்தா பூட்டி வச்சிருக்கீங்களா?"

ஆரினுக்கு நாற்பத்தோரு வயது. அந்த ஊரில் அவனிடம் கடன் கேட்டிருக்கிறார்கள், காளை கேட்டிருக்கிறார்கள், ஒருதரம் கல்லறைத் தோட்டத்துக்கு மண் கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. உங்கள் வீட்டுக்குக் கூரை இருக்கிறதா, இருந்தால் அது மேல்பக்கம்தான் இருக்கிறதா என்று கேட்ட மாதிரி இருந்தது. அவன் யோசிப்பதற்குள் அவன் நாக்கு பதில் சொல்லிவிட்டது.

"எல்லாம் பூட்டித்தாங்க இருக்கு. பெரிய இரும்புப் பெட்டகம். எண்ணூறு பவுண்டு எடை."

"ரொம்ப நன்றி," என்றாள் கொரின். அவள் பெருமூச்சு விட்டது இருபது மைல் கம்பியைக் கடந்து ஆரினின் காதில் விழுந்தது. "அப்ப சனிக்கிழமை மத்தியானம் கொண்டுவந்து விடறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மனைவி வெர்னா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். வெர்னா பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். கடைசி வரிசையில் எந்தப் பையன் எந்தப் பையன் மேல் சூயிங்கம் ஒட்டினான் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வாள்.

"எல்லாம் பூட்டியிருக்கா? எதுல?"

"பெட்டகத்துல."

"பெட்டகத்துல என்ன இருக்குன்னு உனக்கு ஞாபகம் இருக்கா ஆரின்?"

இருந்தது. பெட்டகத்தில் நாற்பத்தாறு பாட்டில் ஹக்கிள்பெரி ஜாம் இருந்தது.

மலைச்சரிவில் தானாக விளைகிற கருநீலப் பழம் அது. தோட்டம் போட்டு வளர்க்கப் பார்த்தால் கோபித்துக்கொண்டு செத்துப்போகும். எந்தச் சரிவில் அதிகம் பழுக்கிறது என்பதை அந்த ஊரில் புருஷன் பெண்டாட்டிக்குச் சொல்ல மாட்டான், சாகும்போது பாதிரியார் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கரடி சமையலறைக் கதவைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே வந்தது. கதவோரம் சாத்தியிருந்த துப்பாக்கி, குளிர்பெட்டி மேலிருந்த துப்பாக்கி, ஜன்னலோரத் துப்பாக்கி மூன்றையும் தாண்டிப் போய் முப்பது பாட்டில் ஜாமை உட்கார்ந்து தின்றது. போகும்போது ஒரு மூடியைத் திருகி மூடிவைத்துவிட்டுப் போனது என்று ஆரின் சத்தியம் செய்வான். வீட்டில் எதைப் பூட்டிவைக்க வேண்டும் என்று அன்றைக்கு அவனுக்குப் புரிந்தது. துப்பாக்கிக்கென்று விற்கிற பெட்டகத்தை வாங்கிவந்து ஜாமை உள்ளே வைத்தான். துப்பாக்கிகள் எங்கெங்கே தேவையோ அங்கங்கே இருந்தன. அந்தப் பள்ளத்தாக்கில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

"இப்பவே கூப்பிட்டு உண்மையைச் சொல்லு," என்றாள் வெர்னா.

"சொன்னா அந்தப் பொண்ணு வரமாட்டா."

அந்தப் பள்ளிக்கூடத்தில் மொத்தம் பதினொரு பிள்ளைகள், அதில் ஒன்பது பேர் பையன்கள். அவர்கள் மகள் வில்லாவுக்கு இந்தப் பிறந்தநாளோடு பத்து வயது முடிகிறது. லாட்டி வருவதற்கு முன் அவளுடைய நெருங்கிய தோழி ஒரு கன்றுக்குட்டி. அதையும் போன இலையுதிர்காலத்தில் விற்றுவிட்டார்கள். வில்லா ஒரு வாரமாகக் கட்டிலில் யார் எந்தப் பக்கம் படுப்பது என்று படம் போட்டுச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறாள்.

"நாளைக்கு முழுநாள் இருக்கு," என்றான் ஆரின். "சொன்னதை உண்மையாக்கிட்டாப் போச்சு."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஜாம் பாட்டில்களைச் சமையலறை மேசைக்கு மாற்றினான். கடைசிப் பாட்டிலை வைப்பதற்குள் வெர்னாவின் தம்பி டெல்மர் வாசலில் நின்றான். அவன் வீடு மலைக்கு அந்தப் பக்கம். காற்று எதிர்த்திசையில் வேறு அடித்துக்கொண்டிருந்தது. எப்படி வாசனை பிடித்தான் என்பது அந்தக் கரடிக்குத்தான் தெரியும்.

"என்ன மச்சான், கடை போடறியா?" என்றான் டெல்மர், ஒரு பாட்டிலைத் திறந்துகொண்டே.

ஆரின் விஷயத்தைச் சொன்னான்.

"போன் பண்ணிக் கேட்டாளா? வெக்கமே இல்லாம?"

"ரொம்ப மரியாதையாத்தான் கேட்டாங்க."

"நாளைக்கு உன் உள்சட்டை துவைச்சிருக்கான்னு கேப்பா. அதுவும் மரியாதையாத்தான் கேப்பா. சரி வா, தேடலாம். எத்தனை?"

"பதினாலு."

கதவோரத்தில் முடைநாற்றம் பீச்சுகிற ஸ்கங்க் என்கிற பிராணியை விரட்டுகிற துப்பாக்கி ஒன்று. வண்டியில் ஒன்று, கொட்டிலில் ஒன்று. மேலே தூக்கிவைத்த ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்ததை எடுத்ததும் ஜன்னல் விழுந்து மூடிக்கொண்டது, இன்னமும் திறக்கவில்லை. கோழிக்கூட்டில் ஒன்று கிடைத்தது. சிவப்புக் கோழி அதை மூன்று வாரமாக அடைகாத்திருந்தது, விட்டுத்தர மறுத்தது. கடைசியில் ஒரு மண்வெட்டிக் காம்பைக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். தோட்டத்தில் பீன்ஸ் கொடி சுற்றியிருந்த கம்பு ஒன்று, கொடியை விலக்கிப் பார்த்தால், ஆரின் அப்பாவின் பழைய ரைபிள். விசையை இழுத்தால் உள்ளே வெடிமருந்து கொஞ்சம் யோசித்து, வேறு வேலை எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கிளம்பும். அதற்குள் மான் மேய்ந்து முடித்து, தண்ணீர் குடித்து, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். குளியலறையிலும் ஒன்று இருந்தது. அது ஏன் அங்கே இருந்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை, கேட்கவும் இல்லை.

பொழுது சாய்வதற்குள் பெட்டகத்தில் பதின்மூன்று சேர்ந்தன. பதினான்காவது கிடைக்கவில்லை.

அது ஒரு கைத்துப்பாக்கி. ஆரினுடைய தாத்தா வைத்திருந்தது. வில்லா தவழ ஆரம்பித்த அன்றைக்கு ஆரின் அதை எடுத்துப் போய், எந்தக் குழந்தையும் கனவிலும் தேடாத இடத்தில் ஒளித்துவைத்தான். அப்படி ஒளித்ததில் அவனுக்கு அப்போது ஏகப்பட்ட பெருமை. இவ்வளவு பொறுப்பான அப்பன் அந்த மாவட்டத்திலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டான். ஒளித்ததுதான் ஒளித்தான், எங்கே என்று தனக்கும் சொல்லிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணி ஆயிற்று. மாவு டப்பாவைக் கவிழ்த்தாயிற்று, மெத்தையைக் கிழித்தாயிற்று. கூரைக்கடியிலிருந்த பரணில் ஏறிய டெல்மர் ஒரு வௌவாலோடு இறங்கிவந்தான்.

"விடு மச்சான்," என்றான். "ஒம்பது வருஷமா நீயே தேடிக் கண்டுபிடிக்க முடியாததை ரெண்டு சின்னப் பொண்ணுங்க ஒரே நாள்ல கண்டுபிடிச்சிருமா? வாயை மூடிக்கிட்டுக் கேக்கை வெட்டு."

ஆரினுக்கும் அதுதான் ஆசை. சுவரில் ஒட்டியிருந்த கட்டில் படத்தைப் பார்த்தான். இடப்பக்கம் லாட்டி, வலப்பக்கம் வில்லா, நடுவில் பழைய கன்றுக்குட்டியின் கழுத்துமணி. போனைப் பார்த்தான். அதன் பக்கத்தில் வெர்னா நின்றிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் பிள்ளைகள் அவளுடைய சத்தத்துக்குப் பயப்படுவதில்லை, சத்தம் நின்றால்தான் பயப்படுவார்கள்.

ஆரின் நம்பரைச் சுழற்றினான்.

"மேடம், நான் ஹாகன். அன்னைக்குப் பூட்டியிருக்குன்னு சொன்னேனே, அது பொய். பூட்டியிருந்தது ஜாம்தான். இப்ப பதிமூணு பூட்டிட்டேன். ஒண்ணைக் காணோம். வீட்டுக்குள்ளேதான் எங்கேயோ இருக்கு."

"அப்படின்னா லாட்டியை அனுப்ப முடியாது மிஸ்டர் ஹாகன்."

"தெரியுங்க. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

போனை வைத்தான். திரும்பினால் வில்லா நின்றிருந்தாள், ஒரு கையில் பலூன், ஒரு கையில் காற்றடிக்கிற பம்பு. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அழப்போகிறாள் என்று ஆரின் மண்டி போட்டுக் கையை நீட்டினான்.

"லாட்டி வரமாட்டாளா?"

"எல்லாம் உங்க அப்பனோட தப்புடா கண்ணு. ஒரு துப்பாக்கியை எங்கேயோ வச்சுட்டேன்..."

"எது? பியானோவுக்குள்ள இருக்கே, அதுவா?"

டெல்மரின் கையிலிருந்த ஸ்பூன் அந்தரத்தில் நின்றது.

"எந்தப் பியானோ?" என்றான் ஆரின். வீட்டில் ஒன்றுதான் இருந்தது. வெர்னாவின் அம்மா விட்டுப்போனது, யாரும் வாசிக்காதது. அதனால்தானே அதைத் தேர்ந்தெடுத்தான்! இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது.

"இடது கோடியிலேருந்து மூணாவது கட்டையை அமுக்கினா பாட்டுக்குப் பதிலா டொக்குனு சத்தம் வரும்பா. ஏன்னு கீழ்ப் பலகையைக் கழட்டிப் பாத்தேன். அப்ப எனக்கு ஆறு வயசு."

"தொட்டியா?"

"ஒரே ஒரு தடவை. ரொம்ப கனம். ரெண்டு கையாலயும் தூக்க முடியலை. அப்படியே வச்சுட்டேன்." கொஞ்சம் யோசித்தாள். "இப்ப தூக்கிருவேன்."

ஆரின் மண்டி போட்டபடியே இருந்தான். வெர்னா வில்லாவின் கையிலிருந்த பம்பை வாங்கிவைத்தாள்.

"ஏண்டி எங்ககிட்ட சொல்லலை?"

"அப்பா கஷ்டப்பட்டு ஒளிச்சு வச்சிருக்காரு. கண்டுபிடிச்சுட்டேன்னு சொன்னா அவர் மனசு என்ன பாடு படும்? கிறிஸ்துமஸ் பரிசு எங்கே ஒளிக்கிறாருன்னும் எனக்குத் தெரியும். அதையும்தான் சொன்னதில்லை."

ஆரின் எழுந்து போய்ப் பலகையைக் கழற்றினான். கைத்துப்பாக்கி அங்கேயேதான் இருந்தது, தூசி மூடி. தோட்டா போடுகிற உருளையைத் திறந்து பார்த்தான். ஐந்து தோட்டாக்கள். அந்த ஐந்தையும் எடுத்துப் பியானோ மேல் வரிசையாக நிறுத்தினான். டெல்மர் கையிலிருந்த ஜாம் பாட்டிலை மூடிவைத்தான். பிறந்ததிலிருந்து அவன் ஒரு பாட்டிலைப் பாதியில் மூடியது அதுதான் முதல்தடவை.

பெட்டகம் பூட்டிய பிறகு ஆரின் மறுபடியும் போனை எடுத்தான். கொரின் கேட்காததையும் சேர்த்துச் சொன்னான். பியானோவைச் சொன்னான், ஐந்து தோட்டாவைச் சொன்னான், ஆறு வயதைச் சொன்னான். லாட்டியை அனுப்பச் சொல்லிக் கேட்கவில்லை.

"கேட்டதுக்கு நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன்," என்றான்.

கொரின் மெல்லச் சிரித்தது கேட்டது. சிரிப்பா, மூக்கை உறிஞ்சியதா என்று சரியாகப் பிடிபடவில்லை.

"இதுவரைக்கும் பதினேழு வீட்டுல கேட்டிருக்கேன் மிஸ்டர் ஹாகன். எட்டு வீட்டுல போனை வச்சுட்டாங்க. எட்டு வீட்டுல பூட்டியிருக்குன்னாங்க, அதுல எத்தனை நிஜமோ. பூட்டலைன்னு தானாக் கூப்பிட்டுச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். பெட்டகத்தை நான் பாக்கலாமா?"

"பாக்கலாங்க. எண்ணியே பாக்கலாம்."

"அப்ப வர்றோம்."

ஒரு மணிக்கு வந்தார்கள். லாட்டி காரிலிருந்து இறங்கவில்லை, தெறித்து விழுந்தாள். வில்லா அவளை வாரிக்கொண்டு கட்டில் படத்தைக் காட்ட ஓடினாள். கொரின் பெட்டகத்தைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக எண்ணி, பதினான்கு வரைக்கும் வந்து நிறுத்தினாள்.

"இதுல ஏன் பீன்ஸ் கொடி சுத்தியிருக்கு?"

"அவசரத்துல அறுக்க நேரம் இல்லைங்க."

பெட்டகத்தைத் திறக்கிற எண்ணை இனி வெர்னா மட்டும் வைத்துக்கொள்வதாக அங்கேயே முடிவாயிற்று. ஜாம் வெளியே வந்ததில் கரடிக்கு வழி திறந்தது, ஆரினுக்கு அடைபட்டது.

கேக் வெட்டினார்கள். மேலே ஒரு விரல் கனத்துக்கு ஹக்கிள்பெரி ஜாம். கொரின் முதல் வாய் தின்றுவிட்டு, "இது எங்கே விளையுது?" என்று கேட்டாள். மூன்று பேர் ஒரே நேரத்தில் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

டெல்மர் மட்டும் கேக்கைத் தொடவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இரண்டு பையன்கள், ஆறு வயதிலும் நாலு வயதிலும். இரண்டும் ஏறாத கூரை அந்த மலையில் இல்லை.

"வில்லா, இங்கே வா தங்கம்," என்றான். "போன மாசம் எங்க வீட்டுல வந்து பசங்களோட விளையாடினே இல்ல? நான் அங்க எல்லாத்தையும் நல்லா ஒளிச்சுத்தான் வச்சிருக்கேன். சும்மா கேக்கறேன்... உனக்கு ஏதாவது கண்ணுல பட்டுச்சா?"

வில்லா அப்பாவைப் பார்த்தாள். மாமா மனசு கஷ்டப்படுமே என்ற தயக்கம்.

"சொல்லு கண்ணு," என்றான் ஆரின். "மாமா தாங்கிக்குவாரு."

"நான் பாக்கலை மாமா. சின்னவன்தான் கூட்டிட்டுப் போய்க் காட்டினான்."

அவள் ஒரு காகிதத் துடைப்பானை எடுத்து, பலூன்மேல் பெயர் எழுதிய பேனாவால் வரிசையாக எழுதினாள். லாட்டி எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தாள். டெல்மர் வாங்கி, உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தான். ஆறாவது வரியில் தலையை ஆட்டினான். ஒன்பதாவதில் நாற்காலியிலிருந்து எழுந்தான். கடைசி வரிக்கு வந்ததும் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான், மறுபடி எண்ணினான்.

"என்கிட்ட பத்துதானேடி இருக்கு!"

"பதினொண்ணு மாமா. பழைய அடுப்புக்குப் பின்னால இருக்கறதை விட்டுட்டீங்க."

டெல்மர் தொப்பியை எடுத்தான். அவன் கதவைத் தாண்டினானா, கதவு அவனுக்கு வழிவிட்டதா என்று யாரும் பார்க்கவில்லை. வண்டி மலைமேல் ஏறுகிற சத்தம்தான் கேட்டது. ஆரினும் தொப்பியை மாட்டிக்கொண்டு, "ரெண்டு பேரா தேடினா சீக்கிரம் முடியும்," என்று சொல்லித் தன் வண்டியில் பின்னாலேயே கிளம்பினான்.